கேடி மாமாவும் ஒன்பது குழியும்

ஸ்காட்லாந்தில், டண்டீயில் எம்.எஸ்சி. படிக்கிறேன் மக்களே. காலேஜ் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்க விசா விடும். அதுவும் ஓட்டல் கிச்சனில் தட்டு கழுவுற உத்தியோகம். இப்பேர்ப்பட்ட நான் ஒரு சனிக்கிழமை கோல்ஃப் ஆடினேன்னு சொன்னா, 'லாட்டரி கீட்டரி அடிச்சதா'ன்னுதானே கேப்பீங்க?

கோல்ஃப் வளர்ந்த மண்ணு இது. பசங்க வில் பழகுறது கெடுதுன்னு 1457-லேயே ஃபுட்பாலோட சேர்த்து இதையும் தடை பண்ணிப் பார்த்திருக்காங்க. ம்ஹூம்! பக்கத்துல இருக்கிற செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸில் ஒரு ரவுண்டுக்கு 2024 சீஸனில் 300 பவுண்டுக்கு மேல். அந்தப் பக்கம் நான் தலை வெச்சுப் படுக்கலை. நான் பஸ் ஏறினது பெர்த்ஷயர் மலையடிவாரத்துல ஒரு குட்டிக் கிராமத்துக்கு.

மொத்தமே ஒன்பது குழி. ஒரு மரக் கொட்டகை, சுவத்துல ஒரு இரும்புப் பெட்டி, பக்கத்துல காலி கவர்கள். பேரை எழுதி, 20 பவுண்டை உள்ளே வெச்சு, பெட்டியில போட்டுட்டு, நாள் முழுக்க ஆடலாம். கேட் இல்லை, வாட்ச்மேன் இல்லை, 'யாரு நீ?'ன்னு கேக்க ஒரு ஜீவன் இல்லை. 20 பவுண்டுன்னா எனக்கு ரெண்டு மணி நேரத் தட்டு. கொடுத்தேன்.

எப்படி இவ்வளவு சீப்? புல் வெட்டுறது மெம்பர்களே. தண்ணி ஊத்துறது மழை. மிச்சப் புல்லை ஆடுங்க மேயும். நிஜமாத்தான்! குழி இருக்கிற பச்சைத் திட்டைச் சுத்தி மட்டும் ஆடு ஏறாம கம்பி வேலி. சின்னக் கதவைத் திறந்து உள்ளே போய்த்தான் பந்தை உருட்டணும். பந்து புழுக்கையில விழுந்தா எடுத்துத் தள்ளி வெச்சுக்கலாம், அபராதம் கிடையாது. கொட்டகையில எழுதியே ஒட்டியிருக்காங்க.

இப்ப மாமா கதை. எங்க மாமா ஒரு கேடி. பதறாதீங்க, போலீஸ் லிஸ்ட்ல இருக்கிற கேடி இல்லை. கோல்ஃப் ஆடுற பெரிய மனுஷங்களோட பையைத் தூக்கிட்டு, எந்த அடிக்கு எந்த மட்டைன்னு எடுத்துக் குடுக்கிற கேடி. நம்ம ஊர்ப் பக்கம் ஒரு கிளப்புல 22 வருஷம். தரையைப் பார்த்தே பந்து எந்தப் பக்கம் ஓடும்னு சொல்லிடுவார். ஆனா, அந்தப் புல்லுல ஒரு ரவுண்டு ஆட அவரை விட்டதில்லை. இரும்புக் கம்பியை வளைச்சு, கொட்டாய்க்குப் பின்னால அடிச்சுப் பழகினதோட சரி. டெல்லியில கேடியா இருந்து, 1991-ல் இந்தியன் ஓபனையே ஜெயிச்ச அலி ஷேர் பேரை எடுத்தா, ரஜினி ரசிகன் மாதிரி சிலிர்த்துக்குவார்.

பழைய சாமான் கடையில வாங்கின அஞ்சே மட்டையோட நின்னு, மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். விதிப்படி யோசனை கேக்கணும்னா சொந்தக் கேடிகிட்டதானே கேக்கணும்!

போனைச் சுத்திக் காட்டச் சொன்னார். ஆடு, வேலி, பெட்டி எல்லாம் பார்த்தார்.

"வாசல்ல யாரு மாப்ளே?"

"யாருமில்லை மாமா."

"அப்ப நான்கூட உள்ளே வரலாமா?"

எனக்குப் பதில் வரலை. "வந்துட்டீங்களே"ன்னு சொல்லி, பந்தை வெச்சேன்.

அப்புறம் அவர் ராஜ்ஜியம்தான். "ஏழாம் நம்பர் எடு... தலையைத் தூக்காதே... காத்து இடப்பக்கம்." மூணாவது குழியில பந்து முள்ளுப் புதருக்குள்ள போச்சு. "அஞ்சு நிமிஷம் தேடலாம்"னார். "2019-லேர்ந்து மூணு நிமிஷம்தான் மாமா!" "அடப்பாவிகளா!"

ஒன்பதாவது குழியில பந்துக்கும் குழிக்கும் பத்தடி. படுத்துக்கிட்டு போனைத் தரையோட தரையா பிடிச்சேன். மாமா ரொம்ப நேரம் பேசவே இல்லை. "வலப்பக்கம் ரெண்டு விரக்கடை"ன்னார். உருட்டினேன். டொக்!

ஒன்பது குழிக்கு 68 அடி. சிரிக்காதீங்க. ஒண்ணு விடாம அட்டையில எழுதி, மாமாகிட்ட காட்டினேன். அங்கே ராத்திரி ஒன்பதாகப் போகுது. "தூங்குங்க மாமா"ன்னேன்.

"காசு நாள் முழுக்கத்தானே குடுத்தே?"ன்னார். "மாப்ளே, பையைத் தூக்கு."