லாக்கில் நின்ற படகு



பேரணையில் ஷட்டரைத் திறந்து பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் விடும் நாளில் நம் வாடிப்பட்டி வயல்வெளிகளில் உண்டாகும் மகிழ்ச்சியை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதகு என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதான்: திறந்தால் தண்ணீர் பாயும், அடைத்தால் நிற்கும். படகுகளைக் கடத்திவிடுவதற்கென்றே இரட்டைக் கதவுகளோடு கட்டப்படும் மதகும் உண்டு என்பதை நான் அறிந்தது இறையியல் கல்லூரியில் படித்த நாட்களில்தான். ஒரு கோடை விடுமுறையில் ஊழியப் பயிற்சிக்காக மரக்காணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் தங்கியிருந்தேன். அங்கே எழுபது வயதைக் கடந்த விசுவாசி ஒருவர் இருந்தார். சிறுவயதில் தம் தகப்பனாரோடு உப்புப் படகில் பக்கிங்காம் கால்வாய் வழியே சென்னைவரை போய் வந்தவர்.

அந்தக் கால்வாயை இன்று சென்னையில் பார்ப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோகிறார்கள். 1806இல் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டுவித்ததில் தொடங்கி, வடக்கே ஆந்திரத்திற்கும் தெற்கே மரக்காணத்திற்கும் அது நீண்டது. தமிழ்நாட்டுப் பகுதி மட்டுமே ஏறத்தாழ 163 கி.மீ. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை 1877–78இல், தாது வருடப் பஞ்சத்தில் பசியால் வாடிய மக்கள், கூலிக்காகத் தோண்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களின் பெயர்களைத் தேவன் ஒருவரே அறிவார். 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் அதைச் சிதைத்தன. படகுப் போக்குவரத்தும் ஒடுங்கிப்போயிற்று.

ஆறுகள் கால்வாயின் குறுக்கே வரும் இடங்களில் அந்த இரட்டைக் கதவு மதகுகள் இருந்தன. படகுக்காரர்கள் அவற்றை 'லாக்' என்பார்கள். ஆற்றின் முகத்துவாரத்தில் கடலின் ஏற்ற இறக்கத்திற்குத் தக்கபடி நீர்மட்டம் மாறும். கால்வாயின் மட்டம் வேறாயிருக்கும். படகு இரு கதவுகளுக்கும் இடையிலுள்ள தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு அடைக்கப்படும். முன்கதவிலுள்ள சிறு கண்களைத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே விடுவார்கள், அல்லது வெளியேற்றுவார்கள். இரு பக்கத்து நீரும் ஒரே மட்டத்திற்கு வந்த பிறகுதான் கதவு திறக்கும். பெரியவர் சொன்னது இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "மட்டம் ஒத்து வராதவரைக்கும் யானையைக் கட்டி இழுத்தாலும் கதவு அசையாது ஐயரே. ஒத்து வந்துட்டா ஒரு ஆள் தள்ளினாப் போதும்."

காத்திருக்கும் நேரத்தைப் பற்றி அவர் சொன்னதைத்தான் நான் அன்று கவனியாமல் விட்டேன். முறை வரும்வரை படகைக் கட்டிவைக்கக் கரையில் கல்தூண்கள் இருந்தன. ஒரு மரநிழல், சோறு பொங்க மூன்று கல், குடிக்க நல்ல தண்ணீர் எடுக்கும் இடம். அவர் சிறுவனாயிருந்தபோது பயணத்தில் மிகவும் விரும்பியது அந்த இடங்களைத்தானாம். எத்தனை நேரம் நின்றாலும், ஏன் இன்னும் நிற்கிறாய் என்று அங்கே யாரும் கேட்டதில்லையாம்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், வேறொரு சபையில் நான் ஆயராயிருந்தபோது, உடன்பிறந்த சகோதரர் இருவர் பொதுக்கிணற்று முறைத்தண்ணீர் காரணமாகப் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்கள். "நான் கண்ணை மூடுறதுக்குள்ள இவங்களைச் சேர்த்து வையுங்க ஐயா" என்று அவர்களுடைய தாயார் என்னிடம் அழுதார்கள். எனக்கோ வாலிபத்தின் அவசரம். கிறிஸ்துமஸுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற ஆசை. ஒரு ஞாயிறு திருவிருந்துக்கு முன் இருவரையும் பீடத்தண்டை அழைத்துக் கைகொடுக்கச் செய்தேன். கொடுத்தார்கள். சபையார் கைதட்டினார்கள். எனக்குள் ஒரு பெருமிதம், அதை மறைப்பானேன்?

நான்கு நாளில் கிணற்றடியில் கைகலப்பு. "ஊர் முன்னால என்னைத் தலைகுனிய வச்சிட்டீங்க" என்று மூத்தவர் என்னிடம் சொன்னதோடு ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். இருவருக்குள்ளும் நீர்மட்டம் எவ்வளவு வேறுபட்டிருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. கதவைப் பிடித்து இழுத்ததோடு என் ஊழியம் முடிந்ததாக எண்ணிக்கொண்டேன். அந்தத் தாயார் இரண்டு ஆண்டுகள் கழித்துத் தம் மக்கள் ஒன்றுபட்டதைக் காணாமலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அடக்க ஆராதனையில் பெட்டியின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்றார்கள். வேத பகுதியை வாசிக்க என் நா எழவில்லை.

அதற்குப் பின் ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தை வேறு கண்களோடு வாசிக்கிறேன். ஏசாவும் யாக்கோபும் கட்டித்தழுவி அழுததோடு நாம் பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். அதற்கு அடுத்து நடந்தது என்ன? சேர்ந்து போவோம் என்று ஏசா அழைக்கிறான். பிள்ளைகளும் ஆடுமாடுகளும் நடக்கும் நடைக்குத் தக்கதாக மெல்ல வருகிறேன் என்று யாக்கோபு பின்தங்குகிறான். பின்பு சேயீருக்குப் போகாமல் சுக்கோத்துக்குப் போய், அங்கே வீடு கட்டி, மிருகஜீவன்களுக்குக் கொட்டகை போடுகிறான். அதை வஞ்சகம் என்று நானே முன்பு பிரசங்கித்திருக்கிறேன். இன்று அப்படிச் சொல்லத் துணியேன். 35ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில், தகப்பன் ஈசாக்கை அடக்கம்பண்ண அந்த இரண்டு குமாரரும் ஒன்றாக நிற்கிறார்கள். அந்த இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவே எத்தனை ஆண்டுகள் சென்றனவோ!

இந்த லெந்து நாட்களில் நெடுங்காலம் வராதிருந்த சிலர் நம் ஆலயத்தில் வந்து அமர்வதைக் காண்கிறேன். பீடத்தண்டை வராமல், ஆசீர்வாதம் கூறுமுன்னே எழுந்து போய்விடுகிறார்கள். அவர்களைச் சாட்சி சொல்ல அழைக்கும்படி மூப்பர்கள் இருவர் அன்போடுதான் கேட்டார்கள், நான் இசையவில்லை. வாசலருகே உள்ள கடைசி இரண்டு பெஞ்சுகளை வழக்கமாய் அங்கே அமர்பவர்கள் விட்டுக்கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கிருக்கும் மின்விசிறியைப் பழுதுபார்க்க ஆள் வருகிறார். தண்ணீர்ப் பானையையும் வேப்பமரத்தடியிலிருந்து அந்த வாசலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவர்களைக் கண்டால் ஸ்தோத்திரம் சொல்லுங்கள். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காதிருங்கள்.