அப்பாவின் நெற்றி விளக்கும் என் கணவரின் பாட்டும்

மகளைத் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்த்தபோது ஒரு பாரம் கொடுத்தார்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி என்று வேகமாக நிரப்பிக்கொண்டு வந்த நான், 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாமார்கள் 'லாரி ஓட்டுநர்', 'சிங்கப்பூரில் டெக்னீஷியன்' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு எழுந்து போனார்கள். நான் யோசித்து யோசித்துக் கடைசியில் 'சொந்தத் தொழில்' என்று எழுதினேன்.

என் கணவர் ஒரு சொல்லிசைக் கலைஞர். இளையவர்கள் ராப் என்பார்கள், ஹிப்ஹாப் என்பார்கள். என் பெரியப்பா இன்றுவரை 'மூச்சு விடாம பேசுற பாட்டு' என்றுதான் சொல்கிறார்.

மலேசியத் தமிழர்களுக்கு இந்தப் பாட்டு புதிதல்ல. 1990களிலேயே போயட்டிக் அம்மோ குழு இங்கே பெயர் எடுத்திருந்தது. அந்தக் குழுவின் யோகி பி, நட்சத்ரா இளைஞர்களோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டபோது நான் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். 'நிழல்கள்' படத்துக்காக 1980இல் இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாட்டை அவர்கள் புதுப்பித்துப் பாடியிருந்தார்கள். எங்கள் பள்ளிப் பேருந்தில் அது ஒலிக்காத நாளே இல்லை. மறு ஆண்டு 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரலைக் கேட்டபோது, நம் ஊர்க்காரர் சென்னைப் படத்தில் பாடிவிட்டார் என்று எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. அதே ஆண்டுகளில் மாசாய் அடுக்குமாடிப் படிக்கட்டுகளில் உட்கார்ந்து, கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வரி எழுதிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவர்தான் பிறகு எனக்குக் கணவரானார்.

2015இல் எங்கள் திருமணம். அதற்கு முன் பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார்: "மாசச் சம்பளம் இல்லாத பையனுக்கு எப்படிம்மா பொண்ணு கொடுக்கிறது?" அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று ஒரு பெண் குழந்தைக்குத் தாயான பிறகு, அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன் என்று தோன்றுகிறது.

கலைஞரின் மனைவி என்றதும் மேடை, வெளிச்சம், செல்பி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது பின்பக்கத்து அறை ஒன்று. முதலில் அதன் சுவரெல்லாம் முட்டை அட்டைகளை ஒட்டினார். அட்டை எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர வெளிச்சத்தத்தைத் தடுக்காது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது பழைய மெத்தைகளும் தடித்த கம்பளிகளும் தொங்குகின்றன. குரல் பதிவு நடக்கும்போது காற்றாடி ஓடக் கூடாது. குக்கர் விசில் அடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டு நாய் குரைக்கக் கூடாது. மழை பெய்தால் பின்பக்கத் தகரக் கூரையின் சத்தத்தில் அன்றைய வேலையே போச்சு. ஜோகூரில் மழைக்கா பஞ்சம்? 'அப்பா கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் பேசக் கூடாது' என்பதுதான் என் மகள் கற்றுக்கொண்ட முதல் விதி.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன். தலைநகரில் நிகழ்ச்சி இருந்தால், 300 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிக்கொண்டு அவர் வீடு திரும்பும் நேரமும் அதுதான். அதே நேரத்தில் எங்கள் தாமானில் பாதிப் பேர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஜோகூர் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் வேலைக்கு மோட்டாரில் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். ஊரே வேலைக்குப் போகும் வேளையில் என் கணவர் தூங்கப் போவார். பக்கத்து வீட்டு அக்கா ஆரம்பத்தில், "உன் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையாம்மா, பகல்ல தூங்குறாரே" என்று அக்கறையோடு கேட்டார்.

ஜோகூரின் வார விடுமுறையும் எங்களைப் படுத்தியது. 2014 தொடங்கி 2024 முடியும்வரை இங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை. அவருடைய நிகழ்ச்சிகளோ பெரும்பாலும் சனிக்கிழமை இரவு, தலைநகரிலும் கிள்ளானிலும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கும்போது மகள் பள்ளியில் இருப்பாள். 2025 ஜனவரியில் விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியபோது யார் மகிழ்ந்தார்களோ இல்லையோ, நான் மகிழ்ந்தேன். ஞாயிறு காலையில் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து ரொட்டி சானாய் பசியாறுவது எங்கள் வீட்டில் இப்போதுதான் வழக்கமாகியிருக்கிறது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் நான் கணக்குப் பிரிவுக்காரியே அல்ல. அவருடைய வருமானத்தில் பெரும்பங்கு பாட்டிலிருந்து வருவதில்லை. திருமணங்களுக்கும் கோயில் விழாக்களுக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவதும், மேடை அறிவிப்பாளராக நிற்பதும்தான் சோறு போடுகின்றன. இணையத்தில் பல்லாயிரம் முறை கேட்கப்பட்ட ஒரு பாட்டுக்கு வந்த தொகை எங்கள் ஒரு மாத மின்கட்டணத்துக்குக்கூடப் போதவில்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. வேறு சில மாதங்களில் ஒரு வெள்ளிகூட வராது. வீட்டுக் கடனுக்குப் போனபோது ஒரு வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். அவரிடம் இருந்ததோ நிகழ்ச்சிச் சுவரொட்டிகள். கடைசியில் என் ஒருத்தியின் சம்பளத்துக்குக் கிடைத்த கடனில்தான் இந்தச் சின்ன வீட்டை வாங்கினோம்.

அதற்குப் பிறகு நான் ஓர் ஒழுங்கு வைத்தேன். நல்ல மாதத்தில் வரும் பணத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை வறண்ட மாதத்துக்கென்று ஒதுக்கிவிடுவேன். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கென்று ஊழியர் சேமநிதியில் ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. நாமே விருப்பத்தின் பேரில் செலுத்தினால் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. அதில் அவர் பெயரில் தவறாமல் கட்டி வருகிறேன். பாட்டு எழுதுபவர்களின் உரிமத்தொகையை வசூலித்துக் கொடுக்கும் எம்.ஏ.சி.பி. அமைப்பில் அவருடைய பாடல்களைப் பதிவு செய்ய உட்கார்ந்து பாரம் நிரப்பியதும் நான்தான். கலைஞரை மணந்த பெண்களுக்கு என்னால் சொல்ல முடிந்த அறிவுரை இவ்வளவுதான்.

ஆனால் எங்கள் வீட்டில் பெரிய சண்டை பணத்தால் வரவில்லை. ஒரு பாட்டால் வந்தது.

நான் குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார். மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு குலை வெட்டினார். என் திருமணத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். என் கணவர் அவரைப் பார்த்ததே இல்லை. ஒருமுறை இரவில் காரில் வரும்போது, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன். எனக்கு ஒன்பது வயது. சம்பள நாள் இரவு அப்பா வீட்டுக்கு வரவில்லை. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கம் தேடப் போனார். நான் அப்பாவின் நெற்றி விளக்கை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் போனேன். அது என் தலைக்குப் பெரிது, வழுக்கி வழுக்கி மூக்குக்கு வந்தது. கள்ளுக்கடைக்குப் பின்னால் இருந்த கால்வாயில் அப்பா கிடந்தார். சட்டைப் பையில் சம்பளப் பணம் இல்லை.

சில மாதங்கள் கழித்து பின்பக்கத்து அறையிலிருந்து ஒரு பாட்டு கேட்டது. விளக்கு, கால்வாய், ஒன்பது வயதுப் பெண். என் கை கால் எல்லாம் நடுங்கின. சிவப்புத் துண்டையும் பார்க்காமல் கதவைத் திறந்து உள்ளே போனேன்.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

அவர் பயந்துவிட்டார். பெயர் எதுவும் போடவில்லை என்றார். இந்த இசையே உண்மையைச் சொல்லத்தான் பிறந்தது என்றார். நியூயார்க்கின் பிரான்க்ஸ் வட்டாரத்தில் 1973இல் ஏழைப் பிள்ளைகள் கொண்டாடிய ஒரு விருந்திலிருந்து கதையை ஆரம்பித்தார். தமிழ்நாட்டின் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியை நினைத்து எழுதிய பாட்டுதான் 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' என்று உலகம் முழுதும் ஒலித்தது என்றார்.

"அவர் தன் பாட்டியைப் பாடினாருங்க. நீங்க என் அப்பாவைப் பாடுறீங்க" என்றேன்.

அவரிடம் பதில் இல்லை. இரண்டு வாரம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் அந்தப் பாட்டை வெளியிடவும் இல்லை, அழிக்கவும் இல்லை. எனக்கு ஆத்திரம் மட்டுமில்லை, பயமும் இருந்தது. அப்பா என்றாலே சொந்தபந்தங்களுக்கு அந்தக் கால்வாய்தான் நினைவுக்கு வரும் என்ற பயம்.

அந்தச் சமயத்தில் அம்மா எங்களோடு தங்க வந்திருந்தார். ஒரு நாள் மாலை நான் வேலை முடிந்து வந்தபோது, மகள் பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு எதையோ பாடிக்கொண்டிருந்தாள். சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாட்டு மனப்பாடமாகிவிட்டது! அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது நம்ம கததானே?" என்று மட்டும் கேட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவே என் கணவரிடம், "தம்பி, அந்தப் பாட்ட முழுசாப் போடுங்க" என்றார். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"பொய் ஒண்ணும் எழுதல. அப்படித்தான் நடந்துச்சு" என்றார் அம்மா. "ஆனா தம்பி, அந்த வெளக்க என் மக ஒரு நாள்தான் மாட்டுனா. அவரு தெனமும் மாட்டுனாரு. விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து, அஞ்சரைக்குப் பெரட்டுல நின்னு, இருட்டோட இருட்டா மரத்துக்குப் போவாரு. காய்ச்சல் கண்டாலும் போவாரு. அதையும் எழுதுங்க. ரெண்டையும் எழுதுனா பாட்ட வெளிய விடுங்க. ஒண்ண மட்டும் எழுதுனா வேணாம்."

அடுத்த மூன்று இரவும் என் கணவர் நோட்டுப் புத்தகத்தோடு அம்மா முன்னால் உட்கார்ந்தார். அவர் 'ரப்பர் கிண்ணம்' என்று எழுதியிருந்ததை அம்மா 'மங்கு' என்று திருத்தினார். காண்டா வாளியைத் தோளில் சுமந்தால் எந்தப் பக்கம் முதலில் வலிக்கும், மழை நாளில் வேலை நின்றுபோனால் வீட்டில் என்ன சமைப்பார்கள், ஒட்டுப்பால் நாற்றம் துணியை விட்டுப் போக எத்தனை முறை துவைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். எனக்கே தெரியாத அப்பா ஒருவர் அந்த மூன்று இரவுகளில் எங்கள் வரவேற்பறைக்கு வந்துபோனார். ஐந்தாவது வரை படித்திருந்த அப்பா, என் தேர்ச்சி அறிக்கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மரம் வெட்டப் போவாராம். அதை அம்மா அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்டதில்லை.

பாட்டு வெளிவந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. பணமும் வழக்கம்போலத்தான். தோட்டத்தில் வளர்ந்த சிலர் தங்கள் அப்பாவைப் பற்றி நீளமாக எழுதி அனுப்பியிருந்தார்கள். பெரியப்பா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தீபாவளிக்கு வந்தபோது, முதன்முறையாக அந்தப் பின்பக்கத்து அறைக்குள் போய் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புது விதி வந்திருக்கிறது. யாரைப் பற்றிப் பாட்டு எழுதினாலும், பதிவு செய்வதற்கு முன் அவரிடம் முதலில் படித்துக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அந்தத் தாள் மேசை டிராயருக்குள் போய்விட வேண்டும். இதுவரை இரண்டு பாட்டு அப்படிப் போயிருக்கின்றன. இரண்டும் என்னைப் பற்றியவை. அதில் அவருக்கு வருத்தம் உண்டு என்று எனக்குத் தெரியும். நான் இறங்கி வரவில்லை.

முதல் சரணம் வரும்போது எனக்கு இன்னமும் உட்கார்ந்து கேட்க முடிவதில்லை. துணி காயப்போடுகிறேன் என்று வெளியே போய்விடுவேன். போன மாதம் அப்பாவின் நினைவு நாள். படையல் போட்டு, சூடம் காட்டி முடித்ததும் அம்மா, "தம்பி, அந்தப் பாட்டப் போடுங்க" என்றார். அவர் போட்டார். நான் கூடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். பிறகு அங்கேயே நின்றுகொண்டேன்.

"சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வைங்க தம்பி" என்று உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "அவருக்குச் சத்தமாப் பாட்டு வச்சா புடிக்காது."