குழாயும் பாஸ் பெட்டியும்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது நான் பள்ளி மாணவன். நம் பண்ணைப்புரத்து இளையராஜாவின் முதல் படம். கம்பம் பள்ளத்தாக்கில் எந்தக் கல்யாண வீடானாலும் புளியமரத்தில் கட்டிய குழாயில் அந்தப் பாட்டுத்தான். ஊர் தாண்டித் தோட்டத்தில் நின்றாலும் குரல் தெளிவாகக் கேட்கும். ஆனால் தபேலாவின் 'கும்' வராது. அப்படி ஒன்று அந்தப் பாட்டில் இருப்பதே டேப் ரெக்கார்டர் வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஓய்வு பெற்றபின் ஓர் ஆசை. அந்தக் குழாயின் குரலும் வேண்டும், அடியில் பாஸும் வேண்டும். சின்னமனூர்ப் பக்கம் ரேடியோ செட் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், பரணில் கிடந்த இரண்டு குழாய்களைக் கொடுத்தான். 12 அங்குல ஸ்பீக்கர் போட்ட பாஸ் பெட்டி ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் மாட்டினேன். குழாய் கத்தியது, பாஸ் பக்கத்து வீட்டில் அடிப்பது போல் இருந்தது. "இது வீடா, கல்யாணப் பந்தலா?" என்றார் வீட்டம்மா.

அவனையே கூப்பிட்டேன். வந்து பார்த்துச் சிரித்தான்.

"சார், ஒரு வாட் குடுத்தா குழாய் ஊரைக் கூட்டும். பெட்டிக்கு அது பத்தாது."

உண்மைதான். இரண்டுக்கும் குறைந்தது 10 டெசிபெல் வித்தியாசம் இருக்கும். 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு பவர். பாஸுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வைத்தான், குழாயின் சத்தத்தைக் குறைத்தான். 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் பெட்டிக்கும் மேலே உள்ளதைக் குழாய்க்கும் பிரித்தான். பாஸ் உதைத்துக் குழாயின் டயஃப்ரம் கிழியாமல் இருக்க ஒரு கெபாசிட்டர் போட்டான்.

அப்படியும் குரல் நடுவில் ஓட்டையாக இருந்தது. அவன் பேசாமல் பாஸ் பெட்டியைப் பின்னால் நகர்த்தினான். ஒரு சாண். கேட்டான். இன்னும் அரைச் சாண். குரல் நிறைந்துவிட்டது!

"குழாய்க்குள்ள சத்தம் மடிஞ்சு சுத்தி வருது சார். லேட்டாகும். பெட்டிய அதுக்குக் காத்திருக்கச் சொல்லணும்."

நான் பேப்பர் எடுத்தேன். 340-ஐ 500-ஆல் வகுத்தால் அலைநீளம் 68 செ.மீ. அதில் பாதி 34 செ.மீ. அவ்வளவு பிந்தினால் ஓர் அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும். ஒன்றரைச் சாணும் ஏறக்குறைய அதுதான்!

திசைவேகம் = அதிர்வெண் × அலைநீளம். எட்டாம் வகுப்பில் எத்தனையோ வருடம் நான் நடத்திய சூத்திரம். அது எதற்கு ஆகும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இதே சூத்திரத்தைச் சொல்லத் தெரியாததற்காகத்தான் இவனை ஒருநாள் மதியம் வரை வெயிலில் முட்டி போட வைத்தேன். அந்த வருடமே படிப்பை விட்டுவிட்டு ரேடியோ செட்டுக்குப் போனான். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. காசும் வாங்கவில்லை. "சத்தம் கம்மியா வைங்க சார், காது முக்கியம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் பதிவை அவனும் படிப்பான்.

தம்பி, அன்றைக்குத் தெரியாமல் இருந்தது உனக்கு மட்டும் இல்லை. எனக்கும்தான். மன்னித்துவிடு.