99 கதவு மாளிகையும் காணாமற்போன லயங்களும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பத்து காவானுக்குத் தெற்கே, நிபோங் திபால் வட்டாரத்தின் காலிடோனியா தோட்டத்தில் சிதைந்து நிற்கிறது 99 கதவு மாளிகை. 19ஆம் நூற்றாண்டில் ராம்ஸ்டன் என்ற ஆங்கிலேயக் குடும்பம் கட்டிய துரை வீடு அது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜான் செயின்ட் மோர் ராம்ஸ்டன் 1948இல் இங்கே சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் வீடு பாழடைந்தது, பேய்க்கதை வளர்ந்தது. இன்று அங்கே போகிறவர்களில் பலர் அந்தக் கதைக்காகவே போகிறார்கள். அதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஒரு கொலையோடு தொடங்கும் கதைக்கு அதற்கு முந்தைய நூறாண்டு தேவைப்படுவதில்லை. அதுதான் கெடுதல். அந்த நூறாண்டில்தான் நம் முன்னோர் இருக்கிறார்கள்.

1800இல் கெடாவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற இந்தக் கரையோரம் பெரும்பாலும் சதுப்பு நிலம். முதலில் சீனர்களும், 1840களிலிருந்து ஐரோப்பியர்களும் இங்கே கரும்பு பயிரிட்டார்கள். கால்வாய் வெட்டி, வரப்பு உயர்த்தி, நீரை வடித்த பிறகே கரும்பு நிற்கும். அந்த உழைப்புக்காக நாகப்பட்டினத்தில் கப்பலேறி ஒப்பந்தக் கூலிகளாகப் பினாங்கில் வந்திறங்கியவர்கள் தமிழர்கள். மலாயாவுக்கான இந்திய ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. அதே காலத்தில் கரும்பின் இடத்தை ரப்பர் பிடித்தது. மாளிகையின் சுண்ணாம்பும் செங்கல்லும் அந்தக் கரும்புப் பணம்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறோர் ஊர்: செக் நாட்டின் செஸ்கி குரும்லோவில் குன்றின்மேல் கோட்டை இருக்கிறது, ஆற்றின் வளைவுக்குள் ஊர் இருக்கிறது. 1992இல் அந்தப் பழைய நகரம் உலக மரபுச் சின்னமானது. பிரபுவின் கோட்டை எந்த ஊரை ஆண்டது என்பதை அங்கே கண்ணாலேயே பார்த்துவிடலாம். காலிடோனியாவில் அது முடியாது. மரமும் அத்தாப்பு ஓலையும் கொண்டு கட்டிய கூலி லயங்கள் மண்ணோடு போய்விட்டன. துரையின் வீடு மட்டும் மிஞ்சியது.

அப்படியானால் அடக்கியவனின் வீட்டை ஏன் காப்பாற்ற வேண்டும், இடிந்து விழட்டுமே என்பது நியாயமான கோபம். ஆனால் அது விழுந்தால் விடுதலை ஆவது யார்? கூலிகளின் உழைப்பு எவ்வளவு செல்வத்தைப் பெருக்கியது என்பதற்குக் கண்முன் நிற்கும் சாட்சி அந்த வீடு. அதை இழந்தால் சுரண்டியவனின் தடமும் சேர்ந்தே அழியும்.

2014இல் திறந்த இரண்டாம் பாலம் பத்து காவானைப் பினாங்குத் தீவோடு இணைத்தது. தோட்டங்கள் இருந்த இடத்தில் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. வேலையும் வீடும் வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நிலம் கைமாறும் முன் கால்வாய்களையும் தோட்டக் கோயில்களையும் வரைபடத்தில் குறித்துக்கொள்வதால் எந்தத் தொழிற்சாலையும் நிற்காது. 2008இல் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்குக் கிடைத்த உலக மரபு எல்லை கடலைத் தாண்டி இந்தக் கரைக்கு வரவில்லை. இங்கே பழைய தோட்டங்களின் பெயர்களைத் தாங்கி நிற்பவை பெரும்பாலும் பத்து காவான், ஜாவி, வால்டோர், டிரான்ஸ்கிரியான் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளே. மாளிகையைச் சீரமைக்கும் நாள் வந்தால் அந்தப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளையும் தேட வேண்டும். ராம்ஸ்டன் பெயர் எழுதும் பலகையிலேயே கரும்பு வெட்டியவர்களின் வரலாறும் இடம்பெற வேண்டும்.