அத்தா கேட்ட சம்பால்

ஸ்ரீமுஷ்ணத்தில் ரயில் நிலையம் இல்லை. ரயிலேற வேண்டுமானால் விருத்தாசலத்துக்குப் போக வேண்டும். அல்லது சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம் சேர வேண்டும். அதனால் எங்கள் சிறு பிராயத்தில், ரயில் என்பது அக்கரைச் சீமைக்குப் புறப்படுகிறவர்களுக்கும் அங்கிருந்து திரும்புகிறவர்களுக்கும் மட்டுமே உரிய வாகனம் என்று எண்ணியிருந்தோம். எங்கள் வீட்டில் அவ்வாறு போய் வந்தவர் மர்ஹூம் என் தந்தையார் ஒருவரே.

அத்தா அவர்கள் 1957ஆம் ஆண்டு தம் தாய்மாமாவுடன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றார்கள். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னையிலும் நாகையிலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் போய் வந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டு முஸ்லிம் குடும்பங்கள் எத்தனையோ அதன் தயவில் உலை வைத்திருக்கின்றன. சிங்கப்பூரில் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரத்தில், ஒரு மளிகைக் கடையில் அத்தா கணக்கெழுதினார்கள். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் நிறையப் பேர் அந்நாளில் குடியிருந்த வட்டாரம் அது. ஆகவே தமிழுக்கும் தொழுகைக்கும் அங்கே குறைவில்லை. குறைவாக இருந்தது வீட்டுச் சோறுதான்.

மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஊருக்கு வருவார்கள். சில மாதங்களில் போய்விடுவார்கள். 1979இல் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்கு வயது பத்து. வந்த சில நாட்களில் அம்மாவிடம் ஒன்று கேட்டார்கள். "தேங்காய்ப்பால் சோறு ஆக்கு. அதற்குத் தொட்டுக்கொள்ளச் சம்பால் அரைத்துக் கொடு" என்றார்கள்.

தேங்காய்ப்பால் சோறு அம்மாவுக்குப் புதிதல்ல. ஆனால் சம்பால் என்ற சொல்லை அன்றுதான் கேட்டார்கள். "மிளகாய், வெங்காயம், புளி, பொடி இறால் சேர்த்து அரைத்து எண்ணெயில் வதக்குவது" என்று அத்தா விளக்கினார்கள். பொடி இறாலுக்கு எங்களூரில் வழியுண்டு. மாசி மகத்தன்று எங்களூர்ப் பூவராகப் பெருமாள் தீர்த்தவாரிக்காகக் கிள்ளைக் கடற்கரைக்குப் போவதையும், அங்கே முஸ்லிம்கள் தர்காவின் முன் நின்று வரவேற்பளிப்பதையும் நேயர்கள் அறிந்திருக்கலாம். அந்தக் கிள்ளைப் பக்கத்திலிருந்து கருவாட்டுக் கூடையில் சென்னாக்குனி எங்கள் தெருவுக்கு வரும். அதை வாங்கி, காய்ந்த மிளகாயுடன் அம்மியில் மையாக அரைத்து, நல்லெண்ணெயில் வதக்கி, அம்மா தட்டின் ஓரத்தில் வைத்தார்கள்.

அத்தா ஒரு கவளம் உண்டார்கள். "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது இல்லை" என்றார்கள்.

"உறைப்புப் போதவில்லையோ?" என்று அம்மா கேட்டார்கள். "இருக்கலாம்" என்பது அத்தாவின் பதில்.

அடுத்த முறை மிளகாய் கூடிற்று. அதற்கடுத்த முறை இன்னும் கூடிற்று. எங்களுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியும். அத்தாவோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு உண்டு முடித்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று கூறிவிட்டு, "ஏதோ ஒன்று குறைகிறது" என்பார்கள். சில ஆண்டுகளில் கேட்பதையே விட்டுவிட்டார்கள். 1998இல் இறையடி சேர்ந்தார்கள்.

சிறுவனாக இருந்த எனக்கு அது அத்தாவின் பிடிவாதமாகத் தோன்றியது. அம்மாவின் உழைப்பைக் குறைகூறுகிறார்களே என்று கோபமும் கொண்டேன். வயது வந்தபின் வேறொன்று புரிந்தது. கடல் கடந்தவர்களில் சிலர் அங்கும் ஒரு குடும்பம் வைத்திருந்த காலம் அது. எங்கள் தெருவிலேயே அத்தகைய வீடுகள் உண்டு. கணவர் மறக்க முடியாத அந்தச் சுவை யார் கைப்பக்குவமோ என்ற எண்ணம் அம்மாவின் உள்ளத்தில் முள்ளாகக் கிடந்திருக்கிறது. வாய்விட்டு அவர்கள் கேட்டதில்லை. நானும் கேட்கத் துணிந்ததில்லை.

2011ஆம் ஆண்டு ஜூன் மாதம், ரஜப் மாத மிஃராஜ் மஜ்லிஸ் ஒன்றில் பேசுவதற்காக நான் சிங்கப்பூர் செல்ல நேர்ந்தது. என் அக்காளின் கணவர் அங்கே பணியில் இருந்தார்கள். "மவ்லவி, மாமா அடிக்கடி சொன்ன ரயில் நிலையத்தை இந்த மாதத்தோடு மூடப்போகிறார்கள். பார்த்துவிட்டுப் போங்கள்" என்று மச்சான் கூறினார்கள். கடையடைத்தபின் அந்த நிலையத்துக்குப் போய் இரவுச் சாப்பாடு உண்பது வழக்கம் என்று அத்தா சொன்னது எனக்கும் நினைவிருந்தது. இலைப் பொட்டலத்தில் கட்டிய மலாய்ச் சோறு என்பார்கள். அதற்கு மேல் விவரம் சொன்னதில்லை.

தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் திறக்கப்பட்டது. முகப்பில் வெண்பளிங்கில் செதுக்கிய நான்கு பெரிய உருவங்கள் நிற்கின்றன. உழவு, தொழில், வணிகம், போக்குவரத்து என்னும் நான்கையும் அவை குறிக்கின்றன. உள்ளே உயர்ந்த மண்டபம். சுவர்களில் ரப்பர்த் தோட்டம், வயல், ஈயச் சுரங்கம் என மலாயாவின் உழைப்பைக் காட்டும் சித்திரங்கள். நிலையம் இருந்தது சிங்கப்பூரில். நிலையமும் தண்டவாளமும் மலேசிய ரயில்வேயின் வசம். அதனால் சிங்கப்பூர் மண்ணில் நின்றுகொண்டே, 'மலேசியாவுக்கு நல்வரவு' என்று பொருள்படும் 'செலாமத் டத்தாங்' பலகையைப் படிக்க முடிந்தது. அந்தச் 'செலாமத்' நம்முடைய ஸலாமத் தான். மலாய்க்காரர்கள் வாழ்வாதாரத்தை 'ரெஸெக்கி' என்பார்கள். அது ரிஸ்க் என்னும் அரபுச் சொல். அந்த ரிஸ்க்கைத் தேடிப் போகும் கடையை 'கெடாய்' என்பார்கள், அது தமிழ். மனிதர்கள் போன வழியிலேயே சொற்களும் போயிருக்கின்றன.

நடைமேடையில் நின்ற வண்டி மீட்டர் கேஜ் வண்டி. 2010இல் அகலப் பாதையாகும்வரை எங்கள் சிதம்பரம் வழியில் ஓடியதும் அதே அளவுதான். "அங்கேயும் நம்மூர் ரயில்தான்" என்று அத்தா கூறியதன் பொருள் அப்போது விளங்கியது.

நிலையத்தை ஒட்டிய உணவுக் கடைகளில் அன்று பெருங்கூட்டம். கடைசியாக ஒரு முறை உண்ண வந்த குடும்பங்கள், புகைப்படம் எடுப்பவர்கள், முதியவர்கள் எனப் பலரும் இருந்தனர். மலாய் உணவு விற்ற கடைகளில் இந்திய முஸ்லிம்கள் நடத்தியவையும் உண்டு. நாங்கள் வரிசையில் நின்று நாசி லெமாக் வாங்கினோம். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. ரம்பை இலையின் மணம். பொரித்த நெத்திலி, வறுத்த நிலக்கடலை, வெள்ளரித் துண்டு, பாதி முட்டை. ஓரத்தில் செக்கச்செவேலென்று சம்பால்.

பிஸ்மில்லாஹ் கூறிச் சம்பாலைத் தொட்டு வாயில் வைத்தேன். முதலில் நாவில் பட்டது இனிப்பு! பிறகு புளிப்பு. பிறகு இறாலின் மணம். விழுங்கியபின்தான் உறைப்பு மெல்ல ஏறி, காதுவரை சூடேறிற்று. கண்ணில் நீர் வந்தது. அது மிளகாயினால் மட்டும் வந்ததன்று.

கடைக்காரர் தமிழறிந்தவர். "இதில் இனிப்புச் சேர்ப்பதுண்டா?" என்று கேட்டேன். "கூலா மெலாக்கா போடாமல் சம்பால் ஏது, ஹஜ்ரத்?" என்று சிரித்தார். தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி எடுக்கும் மலாக்கா வெல்லம் அது. வெங்காயமும் மிளகாயும் அரைத்த விழுதை எண்ணெய் பிரியும்வரை பொறுமையாக வதக்கி, புளியையும், புளிக்கவைத்த இறாலில் செய்த பெலாச்சான் கட்டியையும், இந்த வெல்லத்தையும் சேர்க்க வேண்டுமாம்.

அத்தாவுக்குக் குறைந்தது மிளகாய் அன்று. ஒரு துண்டு வெல்லம். உறைப்பான பண்டம் என்று நினைவு வைத்திருந்தவர்களுக்கு, அந்த உறைப்பின் அடியில் கிடந்த இனிப்பைத் தனியே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவும் தாம் அறிந்ததைக் கொண்டே அறியாததை அளந்தார்கள். மனித இயல்பே அதுதான். அமெரிக்காவிலிருந்து மிளகாயைப் போர்த்துகீசியர் நம் பக்கம் கொண்டுவந்தது 16ஆம் நூற்றாண்டில். அந்தப் புது விருந்தாளிக்குத் தமிழர் மிளகின் பெயரால் மிளகாய் என்று பெயரிட்டார்கள். அரபியில் மிளகுக்கும் மிளகாய்க்கும் ஃபில்ஃபில் என்றே வழங்குகிறது. மலாயிலும் லாடா என்ற சொல் இரண்டுக்கும் உண்டு. சம்பால் என்றதும் அம்மாவுக்கு நினைவு வந்தது நம் துவையல். துவையலில் யார் வெல்லம் போடுவார்கள்?

ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி வண்டி அந்த நிலையத்தை விட்டுப் போயிற்று. ஜொகூர் சுல்தான் அவர்களே அதை ஓட்டிச் சென்றார்கள். மறுநாள் முதல் ரயில்கள் வடக்கே உட்லண்ட்ஸ் நிலையத்தோடு நின்றன. கட்டடம் அந்த ஆண்டிலேயே தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நான் ஒரு கட்டிப் பெலாச்சானும் ஓர் உருளை மலாக்கா வெல்லமும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அம்மாவின் முன் இரண்டையும் வைத்து, நிலையத்தில் உண்டதைச் சொன்னேன். இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு, முப்பது ஆண்டுகளாகக் கேட்காததைக் கேட்டார்கள். "அதை யார் சமைத்தது?"

"கடையில் சமைப்பது, அம்மா. காசு கொடுத்து வரிசையில் நின்று வாங்க வேண்டும். போகிறவர் வருகிறவர் எல்லாருக்கும் ஒரே சட்டிதான்" என்றேன். தந்தையாரின் இருபத்திரண்டு ஆண்டு வாழ்வுக்கு நான் சாட்சியல்லன். என் நாவு அறிந்ததை மட்டுமே சொன்னேன்.

அம்மா வெல்லத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார்கள். "எல்லாருக்கும் ஒரே சட்டியா!" என்று மெல்லக் கூறினார்கள். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "இனிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு துண்டு வெல்லத்துக்கா இந்த வீட்டில் பஞ்சம்?" என்றார்கள். குரலில் கோபம் இல்லை.

இன்று நம் வீடுகளிலிருந்து சவூதிக்கும் துபாய்க்கும் போனவர்கள் ஏராளம். விடுமுறைக்கு வரும்போது துணியும் அத்தரும் கொண்டுவருகிறார்கள். அங்கே எங்கே உண்டோம், யாருடன் உண்டோம் என்பதை மட்டும் சொல்வதில்லை. வீட்டாரும் கேட்பதில்லை. சொல்லாத இடத்தில் சந்தேகம் வந்து குடியேறுகிறது. சொன்னால் பெரும்பாலும் அது ஒரு பிடி சோற்றுக் கதையாகவே முடியும்.

மறுநாள் அம்மா சம்பால் செய்தார்கள். மலாக்கா வெல்லத்தைத் தொடவில்லை. எங்களூர்ப் பனைவெல்லத்தில் ஒரு துண்டு போட்டார்கள். எண்ணெய் பிரியும்வரை அடுப்பின் முன்னேயே நின்றார்கள். தட்டில் சோறிட்டு என்னிடம் தந்து, "இதுதானா பார்" என்றார்கள்.

உண்டு பார்த்தேன். "இதுதான், அம்மா" என்றேன்.

அதன் பிறகு தங்களுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு, என் எதிரே அமர்ந்தார்கள்.