பச்சையா இருந்தா போதுமா?

பி.காம் படிக்கிறவனுக்கு கேட் எதுக்குன்னு கேக்காதீங்க. மாமாவோட லேத் பட்டறைக்கு ஃப்ரீகேட்ல படம் போட்டுத் தர்றது நான்தான்.

100 மி.மீ. அகலத்துல தகடு, நட்டநடுவுல ஒரு ஹோல். இடது ஓரத்துலேர்ந்து 50னு அளவு கொடுத்தேன். கோடெல்லாம் பச்சையாச்சு, அதாவது இனி எதுவும் நகராது. அப்புறம் பார்ட்டி அகலம் 120 வேணும்னார். மாத்தினேன். அப்பவும் பச்சைதான். ஹோல் மட்டும் 50லயே நின்னுடுச்சு, நான் கவனிக்கலை. பத்துத் தகடும் ஸ்கிராப். மாமா ஒண்ணுமே சொல்லலை, திட்டியிருந்தா தேவலாம்.

ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆயிட்டா கணக்கு சரின்னு அர்த்தமில்லைனு படிச்சவன்தானே நான்! 50க்குப் பதிலா, எதிரெதிர் மூலைக்கு நடுவுலன்னு சிமெட்ரி கன்ஸ்ட்ரெயின்ட் போட்டிருந்தா ஹோல் தானா 60க்குப் போயிருக்கும். எக்ஸெல்ல ஃபார்முலாவுக்குப் பதிலா நம்பரை அடிக்கிற அதே தப்பு.

இப்பெல்லாம் படத்தைக் கொடுத்தா, மாமா முதல்ல கால்குலேட்டரைத் தேடுறார்.