கண்டுபிடித்ததற்குக் கூலி

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, அந்தத் தெருக்களுக்குள் பாலும் சோற்றுப் பொட்டலமும் கொண்டுபோன வண்டிகளில் என் நண்பரின் பிக்கப்பும் ஒன்று. தேவைப்பட்டால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. அன்றைக்கு அது எந்தக் குறையும் வைக்கவில்லை. பல மாதங்கள் கழித்து, செய்யூர்ப் பக்கம் ஒரு தோப்பில் சேற்றைத் தாண்டுவதற்காக ஃபோர் வீல் போட்டவர், திரும்பித் தார்ச்சாலைக்கு வந்ததும், பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ வீலுக்கு மாற்றக் குமிழைத் திருகினார். வண்டி மாற மறுத்துவிட்டது. டேஷ்போர்டில் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. வளைவுகளில் ஸ்டியரிங் இறுகியது, டயர் கீச்சிட்டது.

ஜி.எஸ்.டி. சாலையோரம் அவர் நிறுத்தியிருந்தபோது ஒரு ரெக்கவரி வண்டிக்காரர் வந்து, தனக்குப் பழக்கமான ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் இறக்கினார். அங்கே யாரும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவில்லை. ஃபோர் வீலை மாற்றும் மோட்டார், அதன் கன்ட்ரோல் யூனிட் இரண்டையும் மாற்ற வேண்டும், ₹60,000-க்கு மேல் ஆகும் என்று எஸ்டிமேட் கொடுத்தார்கள். என்ன பழுது என்று கேட்டதற்கு, “மாத்திப் பாத்தாத்தான் தெரியும்” என்று பதில் வந்தது.

இன்னொரு நண்பர்தான் முடிச்சூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஷெட்டைச் சொன்னார். “போடிக்காரர். ஜீப்புல வளர்ந்த கை” என்றார். தெருவோர மெக்கானிக் ஷெட்டுகளைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு வெகுநாள் எண்ணம். நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன்.

தகரக் கூரை. தரையில் டீசலும் கிரீஸும் ஊறிக் கறுத்த மண். சுவரில் ஆணியடித்து வரிசையாக ரிங் ஸ்பேனர்கள், மூலையில் கியர் பாக்ஸ் ஒன்று பிளந்து கிடந்தது. ஐம்பது வயது கடந்தவர் கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். பையன்கள் அவரை “அண்ணே” என்றுதான் கூப்பிடுகிறார்கள். பானட்டைத் திறப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“எங்க வச்சு சார் ஃபோர் வீல் போட்டீங்க? போடும்போது சத்தம் வந்துச்சா? நாலு டயரும் ஒரே நேரத்துல மாத்துனதா? வண்டி தண்ணியில நின்னுருக்கா?”

கடைசிக் கேள்விக்கு நண்பர் முடிச்சூர் வெள்ளத்தைச் சொன்னார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு ஒரு பையனைக் கூப்பிட்டு டயர்களில் காற்றைப் பார்க்கச் சொன்னார். டயரில் ஏன் தொடங்குகிறார் என்று கேட்டேன். விளக்கினார்.

வண்டி திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழியில் போகின்றன. டூ வீலில் அது பிரச்சினை இல்லை, முன்சக்கரம் தன் போக்கில் சுழலும். ஃபோர் வீல் போட்டால், இன்ஜினின் இழுவையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்காது. ஈரத்துணியை இரண்டு கைகளால் எதிரெதிராகப் பிழிவது போல ஷாஃப்டும் பல்சக்கரங்களும் முறுக்கேறி நிற்கும். அந்த இறுக்கத்தில், பூட்டை விடுவிக்க வேண்டிய வளையம் நகராமல் சிக்கிக்கொள்ளும். முன் டயர் புதிது, பின் டயர் தேய்ந்தது என்றாலோ, காற்று கூடக்குறைய இருந்தாலோ நேர்ரோட்டில்கூட இந்த முறுக்கு ஏறும்.

“அதனால மொதல்ல முறுக்க எறக்கணும். அதுக்கப்புறந்தான் பழுதத் தேடணும்” என்றார்.

பக்கத்துக் காலி மனையில் மண்தரை இருந்தது. வண்டியை அங்கே நேராகப் பின்னால் எடுக்கச் சொன்னார், பிறகு இடமும் வலமுமாக மெதுவாக நெளித்து ஓட்டச் சொன்னார். ஸ்டியரிங் லேசானது. ஆனால் நியூட்ரலில் நிறுத்திக் குமிழைத் திருகியும் விளக்கு சிமிட்டுவது நிற்கவில்லை. பயணத்தில் மாட்டிக்கொள்கிற பெரும்பாலானவர்களுக்கு இந்தப் படியிலேயே வேலை முடிந்துவிடும் என்றார். முடியாவிட்டால் தாரில் மெதுவாக, ஒடித்துத் திருப்பாமல், பக்கத்தில் இருக்கும் ஷெட் வரைக்கும் போகலாம். இழுத்துப் போவதென்றால் நான்கு சக்கரத்தையும் மேலே ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டைத் தரையில் உருட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

இந்த அறிவு அவருக்குப் போடிநாயக்கனூரில் வந்தது. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் இடுக்கி மலையேறும் ஜீப்புகளை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த ஜீப்புகளுக்கு வேலை பார்க்கும் ஷெட்டில் எட்டாம் வகுப்போடு சேர்ந்தார். முதல் இரண்டு வருஷமும் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட் கழுவுவதுதான் வேலை. கழுவும்போதே எந்த நட்டு எங்கே இருந்து வந்தது, எந்தப் பல் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்க்கப் பழகினார். மலையேறும் ஜீப் நடுவழியில் நின்றால், தோட்டத்துக்கு ஏறிய பெண்களுக்கு அன்றைய கூலி போச்சு. அதனால் பார்ட்ஸ் வரும்வரை காத்திருப்பது என்பதே அங்கே கிடையாது. இருப்பதை வைத்து ஓட வைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்காக உருவான வில்லிஸ் ஜீப்பின் வம்சத்தில் வந்த வண்டிகள் அவை. கியருக்கு ஒரு லிவர், ஃபோர் வீலுக்கு ஒன்று, லோ ரேஞ்சுக்கு ஒன்று என்று மூன்று லிவர். அதில் வளையம் நகர்வதைக் கை நேரடியாக உணரும். இன்றைய வண்டியில் அந்த லிவர் இருந்த இடத்தில் குமிழும், ஒயரும், மோட்டாரும் வந்துவிட்டன.

“லிவர் போயிருச்சு சார். உள்ள வளையம் அதே வளையந்தான்” என்றார்.

தாம்பரத்துக்கு அவர் வந்தபோது முடிச்சூர் வயல்களில் மனை பிரித்துக் கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று தாம்பரம் மாநகராட்சி. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை ஓடுகிறது.

நண்பரின் வண்டிக்கு வருகிறேன். அதன் அடியில் இருந்த தகடுகளைக் கழற்றிய வேலையைத் தாண்டிப் போகிறேன். அதன் பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஒரு கருவிதான் அந்த நாள் முழுவதும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. டெஸ்ட் லைட். ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பு, இரண்டு ஒயர், ஒன்றின் நுனியில் கிளிப், மற்றதில் கோணி ஊசி. அவரே கட்டியது.

ஷெட்டில் ஐ.டி.ஐ. முடித்த ஒரு இளைஞர் இருக்கிறார். அவர் மோட்டாருக்குப் போகும் ஒயரில் மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரியின் 12 வோல்ட்டுக்குக் குறையவில்லை. கரண்ட் வருகிறது, அப்படியானால் மோட்டார்தான் போய்விட்டது என்று யாருக்கும் தோன்றும். மாற்றச் சொன்ன ஒர்க் ஷாப் ஒருவேளை இதைக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்திருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கும். அண்ணன் அதே இடத்தில் தன் பல்பை வைத்தார். பையன் குமிழைத் திருகினான். பல்பு மங்கலாகச் சிவந்து அப்படியே நின்றது.

காரணம் எளிது. மீட்டர் மிகச் சொற்பமான கரண்ட்டைத்தான் இழுக்கும். ஒயருக்குள் இருக்கும் செப்பு இழைகளில் ஒன்று மட்டும் அரைகுறையாக மிச்சமிருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பல்புக்கு எரிவதற்குக் கரண்ட் வேண்டும். அதை இழுக்கும்போது அந்த ஒற்றை இழையால் கொடுக்க முடியாது. மோட்டாரும் அப்படித்தான் தோற்றுப்போகிறது. ஆனால் சென்சார் ஒயர்களில் அவர் பல்பை வைப்பதே இல்லை. அது இழுக்கிற கரண்ட் கன்ட்ரோல் யூனிட்டைக் கெடுத்துவிடும், அங்கே மல்டிமீட்டர்தான். எந்த ஒயருக்கு எது என்று தெரிந்திருப்பதில்தான் தொழில் இருக்கிறது.

பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். ஃபியூஸில் பல்பு பளிச்சென்று எரிந்தது. மோட்டார் முனையில் மங்கல். இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது பழுது. பாதியில் ஒரு இடம், அதன் பாதியில் இன்னொரு இடம் என்று குறுக்கிக்கொண்டே வந்தார். சேசிஸ் ஓரமாக ஒரு கிளாம்ப் பக்கத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒட்டு தென்பட்டது. எப்போதோ ஃபாக் லேம்ப் மாட்டியவர் யாரோ இந்த ஒயரைச் சீவி அங்கிருந்து கரண்ட் எடுத்திருக்கிறார். டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைப் பொடி. வெள்ளத் தண்ணீர் அந்த ஒட்டு வழியாக இறங்கி, மாதக்கணக்கில் செம்பைத் தின்றிருக்கிறது.

கெட்ட பகுதியை வெட்டி எறிந்தார்கள். புது ஒயர், ஈயப்பற்று, மேலே சூட்டில் இறுகும் உறை. பையன் குமிழைத் திருகியதும் வண்டிக்கு அடியில் மோட்டார் விர்ரென்று ஓடி நின்றது. விளக்கு அணைந்தது. வெளிவட்டச் சாலை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். அண்ணன் கேட்டது ₹1,800.

அந்தப் பில்லில் என்ன இருந்தது? ஒயர், உறை, லேபர். கேள்வி கேட்டு, முறுக்கை இறக்கி, பல்பைப் பிடித்துக்கொண்டு மண்ணில் படுத்துக் கிடந்த அந்த அரை நாளுக்கு அதில் தனி வரி இல்லை. மோட்டாரையும் கன்ட்ரோல் யூனிட்டையும் அவர் மாற்றியிருந்தால் பார்ட்ஸ் கடைக்காரர் கொடுக்கும் கமிஷன் மட்டுமே இதைப்போலப் பல மடங்கு வந்திருக்கும். வண்டியைக் கொண்டுவந்து இறக்குகிறவருக்கு ஒரு பங்கு, பார்ட்ஸ் வாங்கித் தருகிறவருக்கு ஒரு பங்கு. எல்லாப் பங்கும் புதிய பொருளின் விலையிலிருந்துதான் கிளம்புகிறது. பழுதைக் கண்டுபிடித்துவிட்டால் இவர்கள் யாருக்கும் பங்கு இல்லை. நேர்மையான கையைப் பட்டினி போட்டு, மாற்றிப் பார்க்கிற கையை வளர்க்கிற ஏற்பாடு இது. அந்தச் செலவை, வருஷக்கணக்கில் கடனடைத்து வண்டி ஓட்டும் காய்கறி வியாபாரியும் கட்டட மேஸ்திரியும் தங்கள் சட்டைப் பையிலிருந்து கொடுக்கிறார்கள்.

இன்னொரு கதவும் அடைபட்டிருக்கிறது. ஒயரிங் படம் கையில் இருந்தால் அரை நாள் தேடல் அரை மணி நேரமாகும். அந்தப் படமும், கம்பெனி ஸ்கேனரும் வெளி மெக்கானிக்குக் கிடைப்பதில்லை. இது நானாகச் சொல்லும் புகார் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் ₹2,545 கோடி அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிக் கடைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதுதான் குற்றம். தீர்ப்பு மேல்முறையீடுகளுக்குள் போய்விட்டது. 2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது, அந்த டிசம்பரில் இணையதளமும் திறந்தது. வாகனத் துறையும் அந்தப் பட்டியலில் உண்டு. முடிச்சூர் ஷெட்டுக்கு இன்னும் எந்தப் படமும் வந்து சேரவில்லை. இங்கிருந்து கிளம்பினால் சீக்கிரமே ஒரகடம் வந்துவிடும். அங்கே வாகன ஆலைகளும் அரசின் வாகன ஆய்வு மையமும் இருக்கின்றன. மகிந்திரா சிட்டியில் வண்டிகளை வடிவமைக்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. வண்டியை உருவாக்கும் அறிவும் அதைக் காப்பாற்றும் அறிவும் ஒரே வட்டாரத்தில் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை.

ஐ.டி.ஐ. இளைஞர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். பஸ் வரும், கேன்டீன் உண்டு, கை சுத்தமாக இருக்கும். போகட்டும் என்றுதான் அண்ணனும் சொல்கிறார். “இங்கிட்டு இருந்தா தொழில் வரும், சம்பளம் வராது” என்றார். அடுத்ததாகக் கழுவும் வேலைக்கு ஒரு பையனும் வந்து சேரவில்லை.

ஷெட் வைத்திருப்பவர்கள் பழுது தேடுவதற்கு என்று ஒரு கூலியை, பொருள் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், பில்லின் முதல் வரியில் எழுத வேண்டும். டாக்டர் மருந்து எழுதாமல் அனுப்பினாலும் நாம் ஃபீஸ் கொடுக்கிறோம். வண்டிக்காரர்களும் “எவ்வளவு ஆகும்?” என்பதற்கு முன் “என்ன பழுது, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்க வேண்டும். விடை சொல்லத் தெரியாதவரிடம் வண்டியை விட வேண்டாம், சொல்லத் தெரிந்தவரிடம் பேரம் பேச வேண்டாம். ஒயரிங் படத்தை நியாயமான விலைக்கு யாருக்கும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் எழுதுவது அரசின் வேலை. அது நடக்கும்வரை அந்த முதல் வரிக்கான பணத்தைக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. நண்பர் ₹1,800-க்கு மேல் ஆயிரம் ரூபாய் சேர்த்து வைத்தார். அண்ணன் வேண்டாம் என்றார். “இது ஒயருக்கு இல்லண்ணே, தேடுனதுக்கு” என்றதும் வாங்கிக்கொண்டார்.